இரண்டாவது கையெழுத்து இல்லாத நாள்

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் இறுதியாண்டு படிக்கிறேன். இன்னும் மூன்று மாதத்தில் வேலையில் சேர வேண்டும். தேர்வுகளில் நல்ல மதிப்பெண்தான் வாங்குகிறேன். ஆனாலும் தனியாக ஒரு வார்டைப் பார்த்துக்கொள் என்று சொன்னால் கை நடுங்கிவிடும் போலிருக்கிறது. கல்லூரி எங்களை உண்மையிலேயே பொறுப்புக்குத் தயார்படுத்துகிறதா? மீதமிருக்கும் நாட்களில் நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: இருபத்தெட்டு ஆண்டுகள் வார்டிலும் வகுப்பறையிலும் கழித்துவிட்டேன். கை நடுங்கிக்கொண்டு வந்த புதிய செவிலியர்களால் எனக்குப் பெரிய தொல்லை வந்ததில்லை. எதையும் கேட்காமல், எதற்கும் தயங்காமல், முதல் நாளே மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பியவர்கள் பின்னால்தான் நான் ஓட வேண்டியிருந்தது. ஆகவே நடுக்கத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். கேள்விக்கு வருகிறேன்.

கல்லூரி உங்கள் கையைத் தயார்படுத்துகிறது. ஊசி போடவும், கட்டு மாற்றவும், மூக்குக் குழாய் வழியே உணவு கொடுக்கவும் முதலில் பொம்மையிலும் பிறகு மனிதரிலும் பழக்குகிறது. ஒன்றை மட்டும் அதனால் தர முடிவதில்லை. மாணவியாக நீங்கள் எழுதிய ஏதாவது ஒரு கேஸ் ஷீட்டை எடுத்துப் பாருங்கள். உங்கள் பெயருக்குப் பக்கத்தில் பணியிலிருந்த செவிலியரோ ஆசிரியையோ போட்ட இன்னொரு கையெழுத்து இருக்கும். நீங்கள் கொடுத்த மாத்திரைக்கு அவர் பதில் சொல்வார். மூன்று மாதம் கழித்து அந்த இரண்டாவது கையெழுத்து இருக்காது. 'தொழில்முறைப் பொறுப்பு' என்ற தலைப்பில் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்களே, அது வார்டில் வந்து நிற்கும் இடம் இதுதான்.

முதலாண்டில் விளக்கேற்றும் விழாவில் ஓர் உறுதிமொழி எடுத்திருப்பீர்கள். அதை நைட்டிங்கேல் அம்மையார் எழுதினார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அவர் எழுதவில்லை. 1893இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் லிஸ்ட்ரா கிரெட்டர் என்ற செவிலியர் தலைமையில் ஒரு குழு எழுதி, நைட்டிங்கேலைச் சிறப்பிக்க அவர் பெயரை வைத்தது. அதன் மூல வடிவில் மருத்துவருக்கு அவருடைய பணியில் விசுவாசமாகத் துணை நிற்பேன் என்று ஒரு வரி வரும். அதற்குச் சற்று முன்னால், தீங்கு தரும் மருந்து என்று அறிந்தே எதையும் கொடுக்கமாட்டேன் என்றும் ஒரு வரி வரும். மெழுகுவத்தி வெளிச்சத்தில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறோம். இரண்டும் மோதிக்கொள்ளும் நாள் ஒன்று வரும் என்பதை யாரும் மேடையில் சொல்வதில்லை. அன்றைக்கு எந்த வரியைப் பிடித்துக்கொள்வீர்கள் என்பதில்தான் உங்கள் நான்கு வருடப் படிப்பும் இருக்கிறது.

அப்படி ஒரு நாள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1993 டிசம்பரில், டெல்லிப் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் டைபாய்டு என்று சேர்க்கப்பட்டிருந்த ஒரு சிறுவனுக்கு, வாங்கிவரச் சொன்ன லாரியாகோ என்ற குளோரோகுயின் (மலேரியாவுக்கான மருந்து) ஊசி மருந்தைப் பணியிலிருந்த பெண் நரம்பு வழியே ஏற்றினார். சிறுவன் அந்த இடத்திலேயே சரிந்தான். இதயம் நின்று, மூளை மீளமுடியாமல் பழுதாகிவிட்டது. ஸ்பிரிங் மெடோஸ் வழக்கு என்று பெயர். 1998இல் வந்த தீர்ப்பு மருத்துவமனையைப் பொறுப்பாக்கியது. பெற்றோருக்கும் தனியாக இழப்பீடு உண்டு என்றது. ஊசி போட்டவர் எந்த நர்சிங் கவுன்சிலிலும் பதிவு பெற்றவர் இல்லை என்பது விசாரணையில் வெளிவந்தது. தானே செய்ய வேண்டிய வேலையை அவரிடம் விட்ட மருத்துவரும் தப்பவில்லை. இதை மாணவிகளுக்குச் சொல்லும்போது, 'அவர் படிக்காதவர், நாங்கள் அப்படிச் செய்யமாட்டோம்' என்று உடனே பதில் வரும். நான் அவ்வளவு உறுதியாக இருக்கமாட்டேன். பழக்கமில்லாத மருந்து, நரம்பு வழி, குழந்தை. இந்த மூன்றும் ஒன்றாக வந்தால், பட்டம் பெற்றவர்களிலும் எத்தனை பேர் நின்று ஒரு கேள்வி கேட்கிறார்கள்?

கேள்வி கேட்பதற்கு நெஞ்சுரம் ஒரு பங்குதான் வேண்டும். மீதி மூன்று பங்கு கணக்கு. இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க் குப்பிகளில் பெரும்பாலானவை ஒரு மில்லியில் 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் ஒரு மில்லியில் 100 யூனிட். அந்த அளவுக்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. இது எல்லோருக்கும் தெரியும், தேர்விலும் எழுதுவார்கள்.

ஒரு நாள் வார்டில் சிவப்பு மூடி தீர்ந்துவிட்டது. நோயாளியின் மகன் கடையில் கேட்டு ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சுகளை வாங்கி வந்தான். எழுதியிருந்தது 20 யூனிட். பயிற்சி மாணவி 40 யூனிட் குப்பியிலிருந்து, ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில், 20 என்ற கோடு வரை சரியாக இழுத்தாள். காற்றுக்குமிழி இல்லை, கோடு துல்லியம். ஆனால் அந்தச் சிரிஞ்சில் அந்தக் கோடு 0.2 மில்லிதான், உள்ளே போனது எட்டு யூனிட். இரண்டு வேளை இப்படியே போயிற்று. சர்க்கரை இறங்கவில்லை என்று மருத்துவர் அளவை 28 ஆக்கினார். மறுநாள் சிவப்பு மூடி வந்துவிட்டது. அந்த 28 யூனிட்டும் முழுதாக உள்ளே போயிருந்தால், சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி, விடியற்காலையில் அந்தப் பெரியவர் வியர்த்துக் கிடந்திருப்பார். குப்பைத் தொட்டியில் ஆரஞ்சு மூடிகள் கிடப்பதை ஒரு சீனியர் செவிலியர் தற்செயலாகப் பார்த்ததால் தப்பினோம். மாணவி சிரத்தையில்லாதவள் அல்ல. மருத்துவரும் தப்பாகக் கணக்குப் போடவில்லை, சீட்டில் இருந்ததை நம்பினார். முதல் நாள் நடந்த தவறு இரண்டாம் நாள் வேறொருவர் கையில் வெடிக்கப் பார்த்தது. இந்த மாதிரித் தவறுகளுக்கு இதுதான் வழக்கம்.

அந்த மாணவியை யாரும் திட்டவில்லை என்று சொல்ல ஆசைதான். திட்டினார்கள். அதற்குப் பிறகு அவள் எதையும் வாய்திறந்து கேட்பதை நிறுத்திவிட்டாள். என்னைக் கேட்டால், சிரிஞ்சு குழப்பத்தைவிட அதுதான் அந்த வார்டுக்குப் பெரிய நஷ்டம்.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், இரவு டியூட்டி. காலை ஆறு மணி ஆன்டிபயாடிக் சுற்று. நேரம் மிச்சமாகும் என்று எல்லாச் சீட்டிலும் முதலில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு ஊசியை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். அப்போது பலரும் அப்படித்தான் செய்தோம். ஒன்பதாம் கட்டில்காரருக்கு நரம்பு ஊசி போட்ட இடம் வீங்கியிருந்தது. மாற்றிப் போட்டுவிட்டுக் கொடுக்கலாம் என்று நகர்ந்தேன். அதற்குள் பதினேழாம் கட்டிலில் வாந்தி. பிறகு விடிந்துவிட்டது, ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மதியம் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார் வார்டு சிஸ்டர். மேசை மேல் ஒரே ஒரு குப்பி. "கணக்குப்படி இது தீர்ந்திருக்க வேண்டும். சீட்டில் தீர்ந்துவிட்டது, தட்டில் தீரவில்லையே" என்றார். குரலை உயர்த்தவில்லை. மருத்துவரிடம் நானே போய்ச் சொல்ல வைத்தார், நோயாளியிடமும் சொல்ல வைத்தார். நடந்ததை என் கையாலேயே எழுதி வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து இன்றுவரை, கொடுப்பதற்கு முன்னால் நான் எங்கும் கையெழுத்துப் போட்டதில்லை. வங்கியில்கூட.

இன்னொரு பொய் இருக்கிறது. அது பொய் என்றே யாருக்கும் தோன்றுவதில்லை. எந்த வார்டுக்கும் போய் வெப்பம், நாடி, மூச்சு எழுதும் தாள்களைப் புரட்டிப் பாருங்கள். நாடி மாறும், வெப்பம் மாறும், மூச்சு மட்டும் நிமிடத்துக்கு 20. முப்பது கட்டிலிலும் 20. பஜனை கோஷ்டிகூட அவ்வளவு ஒற்றுமையாகத் தாளம் போடாது. வெப்பத்துக்கு வெப்பமானி இருக்கிறது, ரத்த அழுத்தத்துக்குக் கருவி இருக்கிறது, ஆக்சிஜனுக்கு விரலில் மாட்டும் கிளிப் இருக்கிறது. மூச்சை மட்டும் நாம்தான் எண்ண வேண்டும், அதுவும் ஒரு முழு நிமிடம் நின்று. அதனால் யாரும் எண்ணுவதில்லை. உடல் சரியப்போகும்போது பெரும்பாலும் முதலில் மாறுவதோ இந்த மூச்சுதான். ரத்த அழுத்தம் கடைசிவரை தாக்குப்பிடித்துவிட்டுத் திடீரென்று விழும். பிரிட்டனில் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012இல் கொண்டுவந்த எச்சரிக்கை மதிப்பெண் முறையில் (மதிப்பெண் கூடக்கூட ஆபத்து), மூச்சு 25ஐத் தொட்டாலே மூன்று மதிப்பெண். மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும், அந்த ஒன்றுக்காகவே மருத்துவரை அவசரமாகக் கூப்பிட வேண்டும்.

வயிற்று அறுவை முடிந்து மூன்றாம் நாள் இருந்த ஒருவரை எனக்கு மறக்காது. காய்ச்சல் இல்லை, அழுத்தம் சரி, தாளில் மூச்சு 20. செய்தித்தாளைக் கையில் வைத்திருந்தார், ஆனால் பக்கத்தைத் திருப்பவில்லை. பேசும்போது இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நிறுத்தினார். நின்று எண்ணினேன், 34. அன்று மாலையே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள், பிழைத்துக்கொண்டார். காலையில் 20 என்று எழுதிய பெண் நல்ல வேலைக்காரி. முப்பத்திரண்டு நோயாளிகளுக்கு அவள் ஒருத்தி. பொது வார்டில் கற்பித்தல் மருத்துவமனையென்றால் மூன்று நோயாளிக்கு ஒருவர், மற்ற இடங்களில் ஐந்துக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. கணக்கு தாளில் இருக்கிறது.

கல்லூரி உங்களை ஏமாற்றும் இடமும் இதுதான். நான்கு வருடமும் ஒரு நோயாளியைக் கொடுத்து, அவருக்குப் பத்துப் பக்கத்தில் பராமரிப்புத் திட்டம் எழுதச் சொல்கிறோம். அதில் பாதி, முந்தைய ஆண்டு அக்காவின் நோட்டிலிருந்து வந்தது என்பது திருத்துகிற எங்களுக்கும் தெரியும். வேலைக்குப் போன முதல் நாளே இருபது பேரைக் கையில் கொடுப்பார்கள். யாரை முதலில் பார்ப்பது என்று யாரும் சொல்லித் தந்திருக்கமாட்டார்கள். அதிகமாகக் கூப்பிடுகிறவர் முதலில் என்று கால் தானாகப் போகும். சத்தம் போடுகிறவருக்கு மூச்சு இருக்கிறது. சத்தமில்லாமல் கிடப்பவரைப் பார்த்துவிட்டு அவரிடம் போங்கள். டியூட்டி மாறும்போது சிஸ்டர் அறையில் உட்கார்ந்து நோட்டை வாசித்து ஒப்படைக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. நீங்கள் கட்டில் கட்டிலாக நடந்து வாங்குங்கள். ட்ரிப்ஸில் எவ்வளவு மீதம், மூத்திரப் பையில் எவ்வளவு, கட்டில் ஈரமா என்பதெல்லாம் நோட்டில் இருக்காது. பத்து நிமிடம் கூடும். பஸ் போய்விடும் என்று ஒப்படைப்பவர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

இனி மருத்துவரைக் கூப்பிடுவது. இரவு இரண்டு மணிக்குப் போனில் "சார், பதினாலாம் பெட் கொஞ்சம் சரியில்லை" என்றால், "சரி, பார்க்கலாம்" என்றுதான் பதில் வரும். நீங்கள் அவருக்குக் கொடுத்தது அவ்வளவுதானே. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் தகவல் சொல்லப் பழகியிருந்த ஒரு முறையை மருத்துவமனைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். இப்போது என்ன நிலை, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், உங்களிடம் என்ன கேட்கிறேன் என்று நான்கே படி. தமிழில் அது இப்படி இருக்கும்: "டாக்டர், ஆண்கள் அறுவை வார்டிலிருந்து பேசுகிறேன். பதினாலாம் கட்டில் நோயாளிக்கு மூச்சு 30, நாடி 124, ரத்த அழுத்தம் 90க்கு 60. நேற்றுக் குடல் அறுவை ஆனவர். நான்கு மணி நேரத்தில் சிறுநீர் 60 மில்லிதான். உள்ளே ரத்தம் கசிகிறதோ என்று பயப்படுகிறேன். நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும். அதற்குள் நான் என்ன ஆரம்பிக்கட்டும்?" மூன்றாவது படியில்தான் நம் பெண்கள் தடுமாறுவார்கள். 'நான் நினைக்கிறேன்' என்று மருத்துவரிடம் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் என்று நாமே வளர்த்து வைத்திருக்கிறோம். அவர் சொல்லும் பதிலை எழுதிக்கொண்டு திரும்ப வாசித்துக் காட்டுங்கள். வந்ததும் கையெழுத்து வாங்குங்கள். கூப்பிட்ட நேரத்தையும் அவர் வந்த நேரத்தையும் குறியுங்கள். வரவில்லை என்றால் அவருக்கு மேலே இருப்பவரைக் கூப்பிடுங்கள். இதில் கோள் சொல்வது எதுவுமில்லை.

ஒப்புதல் படிவத்தைப் பற்றி ஒரு சொல். "சிஸ்டர், அந்த அம்மாவிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்" என்பார்கள். அறுவையை விளக்க வேண்டியது அதைச் செய்யும் மருத்துவர். நோயாளி புரிந்துகொண்டு தரும் ஒப்புதலே செல்லும் என்று 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நீங்கள் சாட்சி. மைதடவிய கட்டைவிரலை நீட்டிக்கொண்டே அந்த அம்மா "எதற்கம்மா இது?" என்று கேட்டால், படிவத்தை மடித்துக்கொண்டு திரும்பிப் போய் மருத்துவரை அழைத்து வாருங்கள்.

இவ்வளவும் மருத்துவர் எழுதித் தருவதைச் சுற்றி. எவரும் எழுதித் தராமலே உங்களுடையதாக இருக்கும் வேலையும் ஒன்று உண்டு. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியராக இருந்த அருணா ஷான்பாக், 1973இல் அங்கேயே தாக்கப்பட்டு நினைவிழந்தார். 2015இல் இறக்கும்வரை, ஏறத்தாழ 42 ஆண்டுகள், அதே மருத்துவமனைச் செவிலியர்கள் தலைமுறை தலைமுறையாக அவரைப் பார்த்துக்கொண்டார்கள். அவருக்குப் படுக்கைப்புண் வரவில்லை. அவருக்காகத் தொடுக்கப்பட்ட கருணைக்கொலை வழக்கில் இதைச் சொல்லி வியந்தது நீதிமன்றம். வெறும் பாசத்தால் அது நடந்துவிடாது. புரட்டிப் படுக்கவைப்பது, துடைப்பது, விரிப்பின் சுருக்கத்தை இழுத்துவிடுவது, ஊட்டுவது. ஓர் இரவு விட்டுப்போயிருந்தாலும் தோல் காட்டிக்கொடுத்திருக்கும். புதிதாக வருபவர்கள் வென்டிலேட்டர் பக்கம் நிற்பதைப் பெருமையாகவும், முதுகு துடைப்பதை ஆயா வேலையாகவும் நினைக்கிறார்கள். முதுகைத் திருப்பிப் பார்க்காதவருக்கு வால் எலும்புக்கு மேலே சிவந்திருப்பது எப்படித் தெரியும்?

உங்களைக் காத்துக்கொள்வதும் பொறுப்பில் சேர்த்திதான். பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடாதீர்கள். குத்திவிட்டால் பிதுக்காமல் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, உடனே சொல்லுங்கள். ஹெச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை. திட்டுவார்களோ என்று மறைத்து, நான்காம் நாள் அழுதுகொண்டு வந்தவளைப் பார்த்திருக்கிறேன். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என்று மூன்று தவணை. உங்களுக்கு இருப்பதோ மூன்று மாதம். இன்னும் தொடங்கவில்லை என்றால் இதைப் படித்து முடித்ததும் கிளம்புங்கள்.

பட்டம் கிடைத்ததும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்யுங்கள். பட்டம் படித்ததற்குச் சான்று, வேலை பார்க்க உரிமை தருவது பதிவு எண். 'பதிவு பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் வந்து சேருங்கள்' என்று கூப்பிடும் இடத்தில் சேராதீர்கள். அசல் சான்றிதழ்களை யாரிடமும் விட்டு வைக்காதீர்கள். சம்பளம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நானும் ஆரம்பித்தால் இரண்டு நாள் ஆகும்.

மூன்று மாதத்தில் என்ன செய்யலாம் என்றீர்கள். புதிய செய்முறை எதையும் துரத்தாதீர்கள். உங்கள் வார்டில் அதிகம் புழங்கும் இருபது மருந்துகளை எடுத்து, எவ்வளவு, எவ்வளவு வேகத்தில், எந்த அறிகுறி கண்டால் நிறுத்த வேண்டும் என்று சொந்தக் கையால் எழுதுங்கள். பொட்டாசியம் குளோரைடிலிருந்து தொடங்குங்கள். அந்தப் பத்து மில்லி ஆம்பூலை நீர்க்காமல் நேராக நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். பார்ப்பதற்கோ சாதாரணத் தண்ணீர் ஆம்பூல் போலவே இருக்கும். சொட்டுக் கணக்கைத் தாளில்லாமல் போடப் பழகுங்கள். 500 மில்லி, எட்டு மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டு விழும் குழாய் என்றால் நிமிடத்துக்கு 21 சொட்டு. பஸ்ஸில் நின்றுகொண்டே போட வேண்டும். தோழி ஒருத்தியை மருத்துவராக உட்காரவைத்து, போனில் எரிந்து விழச் சொல்லி, அந்த நான்கு படியையும் சொல்லிப் பாருங்கள். சிரிப்பு வரும், பரவாயில்லை.

நொடிமுள் உள்ள கடிகாரம் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். கையில் கட்டுவது வேண்டாம், மணிக்கட்டுவரை கழுவ முடியாது. சீருடையில் குத்திக்கொள்ளும் வகை விலை அதிகமில்லை. நாளைக் காலை ஒரே ஒரு நோயாளிக்காவது மூச்சை முழு நிமிடம் எண்ணி, வந்த எண்ணை அப்படியே எழுதுங்கள். 17 வரலாம், 23 வரலாம். இது ஏன் 20 இல்லை என்று பக்கத்தில் கையெழுத்துப் போடுகிறவர் கேட்பார்.